யார் வழி வந்தது

சண்டை போட ஒரு வீட்டில் எத்தனையோ விஷயம் கிடைக்கும். சின்னப்பையனும் அவர் மனைவி தேவானையும் ஐந்து வருஷமாக ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டினார்கள். மகள் தமிழ்மொழிக்கு வந்த நோய் யார் வழி வந்தது என்பதுதான் அது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் நோய்க்கு டாக்டர் சொன்ன பெயர் ஸ்கிசோஃப்ரினியா. சின்னப்பையனின் வாயில் அது நுழையாது. தலைநோய் என்பார். ஆளே இல்லாத இடத்தில் மகளுக்குப் பேச்சுக்குரல் கேட்கும், மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் குறையும், அவருக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

அந்நியத்தில் கல்யாணம் செய்தவர்களாக இருந்தால் அந்தச் சண்டையில் ஒரு நியாயமாவது இருந்திருக்கும். ஆளுக்கொரு பக்கம் நின்று அடித்துக்கொள்ளலாம். இவர்கள் அதற்கும் இடம் வைக்கவில்லை. சின்னப்பையன் கட்டியிருந்தது சொந்த அக்காவின் மகளை. தாலி கட்டுவதற்கு முன்னாலும் தேவானை அவரை மாமா என்றுதான் கூப்பிட்டாள், இருபத்தாறு வருஷம் கழித்தும் மாமாதான்.

"உன் அண்ணன் முருகன் இன்னா பண்ணாரு? ஸ்டேஷன்ல நின்னுக்கினு போற ரயிலு வர்ற ரயிலு எல்லாத்துக்கும் பேரு வெச்சிக்கினு இருந்தாரு. ஒரு நாளு அதுல ஒண்ணுல ஏறிப் போயே போயிட்டாரு. உன் ரத்தத்துலதான் மாமா கீது."

"முருகன் உனக்கு யாரு? உங்கம்மா கூடப் பொறந்தவன்தான? உனக்கும் மாமன்தான?"

"எனக்குப் பாதி. உனக்கு முழுசு."

"அப்ப உங்கப்பன்? செவுத்தோட நின்னு பேசுவானே, அது யாரு ரத்தம்?"

"அது குடிச்சிட்டுப் பேசுனது."

"குடிக்காத அன்னிக்கும் பேசுவான். நான் பாத்துகீறேன்."

இதெல்லாம் நடப்பது பெரும்பாக்கத்தில், ஆறாவது மாடியில், ஒரே அறை வீட்டில். தமிழ்மொழி அதே அறையில்தான் கால் நீட்டி உட்கார்ந்து டீவி பார்த்துக்கொண்டிருப்பாள். இருபத்து மூன்று வயதுப் பெண் பக்கத்தில் இருக்கிறாளே, அவளுக்கும் காது இருக்கிறதே என்று அந்த இரண்டு பேருக்கும் தோன்றினால்தானே. சில நாள் அவளே எழுந்து போய் டீவி சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு வருவாள்.

ஏழு மாதத்துக்கு முன்னால் அந்தச் சண்டை முற்றிப்போனது. அதற்குக் கொஞ்சம் முன்னால் வரை தமிழ்மொழி நன்றாக இருந்தாள். துணிக்கடையில் வேலைக்குப் போனாள், மூன்று மாதம் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. பிறகு திடீரென்று தூக்கம் போனது, சாப்பாடு போனது, மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் வைக்க வேண்டியதாயிற்று. வீடு திரும்பிய அன்று தேவானை பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "உன் ரத்தம்தான் என் பொண்ண இந்தப் பாடு படுத்துது" என்று ஆரம்பித்தாள். சின்னப்பையன் பதிலுக்கு அவள் அப்பனை இழுத்தார். தேவானை அடுத்து என்னவோ சொல்ல வாயைத் திறந்து, சட்டென்று மூடிக்கொண்டாள்.

அவள் எதை விழுங்கினாள் என்று அவருக்குத் தெரியும். அது வெளியே வந்துவிடுவதற்குள் லுங்கியையும் சட்டையையும் ஒரு பையில் திணித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு அபார்ட்மென்ட்டில் அவருக்கு வாட்ச்மேன் வேலை. அங்கேயே மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டார். கேட்டவர்களிடம் டபுள் டூட்டி என்று சொன்னார். மகளோடு போனில் பேசுவார். சாப்டியா, மாத்திரை போட்டியா, அதற்கு மேல் பேச்சு ஓடாது. வீட்டுக்குப் போக வேண்டும் என்று தினமும் மனசு அடித்துக்கொண்டது. போனால் தேவானை அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவாளே என்று கால் வரவில்லை.

அப்படியிருக்கும்போது தேவானையே போன் செய்தாள்.

"மாமா, திருவான்மியூர் கிளினிக்ல ரூபீனா மேடம் கூப்ட்டாங்க. இந்த நோயி இருக்கறவங்க வூட்ல எல்லார் ரத்தத்தையும் எடுத்து ஆராய்ச்சி பண்றாங்களாம். நீ, நான், தமிழு, மூணு பேரும் வரணுமாம். இப்பத் தெரிஞ்சிடும்ல யாரு வயினு?"

"தெரியட்டும்" என்றார் அவர். சொன்னபோது மனசுக்குள் ஒரு நிம்மதி. மாமனார் ரத்தம் என்று வந்தால் நல்லது. முருகன் ரத்தம் என்று வந்தாலும் பரவாயில்லை, தன் ரத்தம் என்றே வந்தாலும் பரவாயில்லை. ரத்தத்தை யாரும் கேட்டு வாங்கிக்கொண்டு பிறப்பதில்லை. பூட்டை அவர் கடைக்குப் போய்க் கேட்டு வாங்கியிருந்தார்.

அந்தப் பூட்டின் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். அடையாற்றங்கரையில் அவர்கள் வீடு இருந்தது. ஆற்றோரம் என்று இடித்துவிட்டுப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். குலுக்கலில் வீடு கொடுத்ததால் ஒரு தெருவில் இருந்தவர்கள் எட்டு பிளாக்குக்குச் சிதறிப்போனார்கள். பக்கத்து வீட்டில் யார் என்று தெரியாது, எதிர் வீட்டில் யார் என்று தெரியாது. சின்னப்பையனுக்கும் தேவானைக்கும் வேலை மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது. விடியும்போதே பஸ் ஏறினால் இருட்டித்தான் திரும்பலாம். தமிழ்மொழி பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். ஒரு நாள் முன்பின் தெரியாத இரண்டு பேர் கதவைத் தட்டித் தண்ணீர் கேட்டார்கள் என்று அவள் சொன்னாள். மறுநாளே பெரிய பூட்டாகப் பார்த்து வாங்கி வந்தார். காலையில் வெளியே பூட்டிக்கொண்டு போவார்கள், சாயங்காலம் வந்து திறப்பார்கள். பதினொன்றாம் வகுப்புக்கு இடம் கிடைக்கிற வரைக்கும், மே மாதம் ஆரம்பித்து நாலரை மாதம். அதற்கப்புறம்தான் பெண் தனக்குத்தானே பேச ஆரம்பித்தாள்.

இதை அவரும் பேசியதில்லை, தேவானையும் பேசியதில்லை. ரத்தத்தைப் பற்றிப் பேசிப் பேசியே ஐந்து வருஷத்தை ஓட்டிவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை திருவான்மியூர் பஸ் டெர்மினஸில் மூன்று பேரும் சந்தித்தார்கள். தமிழ்மொழி மஞ்சள் சுடிதார் போட்டிருந்தாள். மாத்திரையால் உடம்பு கொஞ்சம் பருத்திருந்தது, தண்ணீர் பாட்டிலைத் திறக்கும்போது விரல் லேசாக நடுங்கியது. அவரைப் பார்த்ததும் சிரித்தாள்.

"இளைச்சிட்ட நைனா. மோட்டார் ரூம்ல இன்னா துன்னுற?"

"எல்லாம் துன்றேன்மா" என்றார். தேவானை அவர் சட்டைக் காலரில் இருந்த அழுக்கைப் பார்த்தாள். கிளினிக் போகிற வரைக்கும் மூன்று அடி தள்ளியே நடந்தாள்.

ரூபீனாவுக்கு முப்பது வயது இருக்கும். கிளினிக்கில் குடும்பங்களோடு பேசுவது அவள் வேலை. அவள் சொன்னால் தமிழ்மொழி கேட்பாள். ஒரு பெரிய தாளை விரித்து, முதலில் குடும்பத்தை வரைந்துகொள்ள வேண்டும் என்றாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு ஒரு கோடு. தமிழ்மொழிக்கு ஒரு வட்டம் போட்டு, மேலே அப்பா அம்மா, அதற்கும் மேலே தாத்தா பாட்டி என்று ஏறிக்கொண்டே போனாள். பாதியில் பென்சில் நின்றது.

"அண்ணே, இருங்க. தேவானை அக்காவோட அம்மாவும் நீங்களும் அக்கா தம்பியா?"

"ஆமா மேடம்."

ரூபீனா ரப்பரை எடுத்து அழித்தாள். மறுபடி வரைந்தாள். ஒரு கோட்டை மேலிருந்து வளைத்துக் கீழே கொண்டுவந்தாள், அது இன்னொரு கோட்டை வெட்டியது. மறுபடி அழித்தாள். அப்பா வழியில் ஏறினாலும் அம்மா வழியில் ஏறினாலும் அதே பழைய ஜோடியிடம்தான் போய் நின்றது. தமிழ்மொழி தாளின் மேல் குனிந்து பார்த்தாள். பார்த்தவள் சிரிக்க ஆரம்பித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி.

"இதுக்கா இத்தினி வருஷம் அடிச்சிக்கினீங்க?" என்றாள்.

தேவானைக்கே சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் மறைத்துக்கொண்டாள். சின்னப்பையன் மட்டும் விடுவதாக இல்லை. "மேடம், படம் கெடக்கட்டும். ரத்தம் எடுத்தா எப்பத் தெரியும்? யாரு வயினு காகிதத்துல எழுதிக் குடுப்பீங்களா?"

ரூபீனா பென்சிலைக் கீழே வைத்தாள். "அப்படி யாருக்கும் ரிசல்ட்டு வராது அண்ணே. ஆயிரக்கணக்கான பேர் ரத்தத்தை ஒண்ணாச் சேத்துப் பாப்பாங்க. உங்க வீட்டுக்குன்னு தனியா ஒரு பதில் இதுல இல்ல."

இரண்டு பேருக்கும் முகம் சுண்டிப்போனது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்ததெல்லாம் இதற்குத்தானா என்று தேவானை முணுமுணுத்தாள்.

"ரத்தத்துல கொஞ்சம் வருது, அது நெசம்தான்" என்றாள் ரூபீனா. "ஆனா ஏதோ ஒண்ணு கெட்டுப்போய் வர்றது இல்ல. நூத்துக்கணக்குல சின்னச் சின்ன விஷயம், எல்லார் உடம்புலயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். என் உடம்புலயும் இருக்கும். அச்சு அசலா ஒரே மாதிரி ரெட்டைப் புள்ளைங்க, ஒருத்தருக்கு வரும், இன்னொருத்தர் கடைசி வரைக்கும் நல்லா இருப்பாங்க. ரத்தம் மட்டும்னா அது எப்படி?"

"சொந்தத்துல கட்டினதாலயா மேடம்?" தேவானையின் குரல் இறங்கியிருந்தது.

"அது கொஞ்சம் கூட்டியிருக்கலாம் அக்கா. அதனாலதான்னு சொல்ல முடியாது. சொந்தத்துல கட்டின எத்தனையோ வீட்டுல ஒண்ணுமே இல்லையே. ஒடம்பு மட்டும் இல்ல, வாழற வாழ்க்கையும் சேருது. வயித்துல இருக்கும்போது அம்மாவுக்கு வந்த ஜுரம், சின்ன வயசுல பட்ட பயம், இருந்த எடத்தை விட்டு வேற எடத்துக்குப் போறது, பேச ஆள் இல்லாமத் தனியாவே அடைஞ்சு கெடக்கறது..."

கடைசி வார்த்தை காதில் விழுந்ததும் சின்னப்பையனின் தலை குனிந்தது. தாளில் இருந்த சதுரத்தையே பார்த்தார். இதற்குப் பயந்துதானே ஏழு மாதம் மோட்டார் சத்தத்தில் படுத்துக் கிடந்தார்.

ரூபீனா அதைக் கவனிக்கவில்லை. ஃபாரத்தைப் புரட்டினாள். "சரி, நோய் எப்ப ஆரம்பிச்சுது? பழைய ஃபைல்ல பெரும்பாக்கம் வந்த அப்புறம்னு போட்டிருக்கு. அப்பா சொன்னது. தமிழ், நீ சொல்லு. உன்ன யாரும் கேட்ட மாதிரி தெரியல."

தமிழ்மொழி பாட்டில் மூடியைத் திருகித் திருகி மூடினாள்.

"அதுக்கு முன்னாடியே மேடம். ஆத்தோரத்து வூட்லயே. பத்தாவது பரீட்ச நேரத்துல. கணக்குப் பரீட்ச அன்னிக்கு ஹால்ல ஒரு பொம்பள பின்னாடி நின்னு பேசிக்கினே இருந்தா. திரும்பிப் பாத்தா யாரும் இல்ல."

"ஏம்மா சொல்லல?" தேவானை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னாண்ட ஏன் சொல்லல?"

"அன்னிக்குத்தான செவுத்துல நம்பர் எழுதிட்டுப் போனாங்க. வூட்ட இடிக்கப் போறாங்கன்னு நீங்க ரெண்டு பேரும் அழுதுக்கினு இருந்தீங்க. அதுல இத்த வேற எங்க சொல்றது."

சின்னப்பையனின் நெஞ்சில் ஒரு பாறை அசைந்தது. எட்டு வருஷமாக அங்கே கிடந்த பாறை. யோசிக்காமல் வாய் முந்திக்கொண்டது.

"அப்ப பூட்டினதால இல்லியா?"

சொல்லிவிட்டார். அத்தனை வருஷம் அந்தக் குடும்பத்தில் யாரும் சொல்லாத வார்த்தை, அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. தேவானை அவரைப் பார்த்தாள். ரூபீனா பேனாவை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

தமிழ்மொழி அப்பாவை நேராகப் பார்த்தாள். கோபம் இல்லை. ரொம்ப நாளாக அவள் மனசுக்குள் சொல்லிப் பார்த்த பேச்சு மாதிரி இருந்தது, தடங்கல் இல்லாமல் வந்தது.

"தெரியாது நைனா. தலைல இருந்து வந்துச்சா, எடத்துல இருந்து வந்துச்சா, பூட்டினதால அதிகமாச்சா, எனக்கே தெரியாது. பூட்டினதால இல்லன்னே வெச்சுக்கோ. எனக்கு இந்த நோயே வரலன்னு வெச்சுக்கோ. அப்பவும் பூட்டினது தப்புதான? அத்த நீ கேக்கவே இல்லியே."

"ஊரு சரியில்லம்மா. யாரு எவருன்னு தெரியாத எடம், அதான்..."

"அதான் இன்னா?"

அவர் மறுபடி தாளில் இருந்த சதுரத்தைப் பார்த்தார்.

"ஒரு நாளு கீழ கரண்டு பாக்ஸ் புகைஞ்சுது" என்றாள் தமிழ்மொழி. "நெருப்பு நெருப்புன்னு கத்திக்கினு எல்லாரும் படில எறங்கி ஓடுனாங்க. நான் கதவத் தட்டுனேன். தட்டிக்கினே இருந்தேன். எல்லாரும் ஓடுற அவசரத்துல யாருக்கும் கேக்கல. அப்புறம் யாரோ அணைச்சிட்டாங்க. சாயங்காலம் நீ வந்து தொறந்த. இன்னாம்மா சமைச்சன்னு கேட்ட. நான் ரசம்னு சொன்னேன்."

சின்னப்பையனுக்கு அந்த ரசம் ஞாபகம் வரவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அதுதான் அவரை அடித்துப் போட்டது. மகள் செத்துப் பிழைத்த ஒரு நாள், அவருக்கு மற்ற நாளைப் போல ஒரு நாளாகப் போயிருக்கிறது. ஐம்பத்தாறு வயது மனிதர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ரூபீனாவின் முன்னால் அழுகிறோமே என்ற வெட்கம்கூட அவருக்கு வரவில்லை.

"தப்பு பண்ணிட்டேன்மா" என்றார். "பயத்துல பண்ணேன்னு சொல்ல மாட்டேன். தப்புதான். உன்ன உள்ள வெச்சிப் பூட்டுனது தப்பு."

தேவானை எழுந்து அவர் பக்கத்தில் வந்து நின்றாள். "அவர மட்டும் சொல்லாத" என்றாள் மகளிடம். "இன்னொரு சாவி என்னாண்ட இருந்துச்சு. பத்து நாளுக்கு ஒரு தபா எனக்கு மத்தியானமே வேல முடிஞ்சிடும். நேரா வூட்டுக்கு வந்திருக்கலாம். நான் கூட வேல செய்யறவங்களாண்ட உக்காந்து ஊர்க்கத பேசிட்டு அந்தி சாஞ்சப்புறம்தான் வருவேன். நானும்தாம்மா தப்பு பண்ணேன். இவரு சொல்லிடுவாரோன்னு பயந்து பயந்துதான் ரத்தம் ரத்தம்னு கத்துனேன்."

சின்னப்பையன் முகத்திலிருந்து கையை எடுத்து அவளைப் பார்த்தார். அவள் சொல்லிவிடுவாளோ என்று இவர் பயந்தார், இவர் சொல்லிவிடுவாரோ என்று அவள் பயந்திருக்கிறாள். இரண்டு பேரும் சேர்ந்து செத்துப்போன மாமனாரையும் காணாமல் போன முருகனையும் இழுத்துப் போட்டு ஐந்து வருஷம் அடித்திருக்கிறார்கள்.

தமிழ்மொழி சுடிதார் ஷாலின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ரூபீனாவின் பக்கம் திரும்பினாள்.

"ரத்தம் எடுத்துக்கோங்க மேடம். வேற யாருக்காச்சும் ஒதவும்ல. இவங்க யாரு வயின்னு கேட்டா மட்டும் பதில் சொல்லாதீங்க."

"சத்தியமா எனக்குத் தெரியாது" என்றாள் ரூபீனா.

மூன்று பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டே பஸ் டெர்மினஸ் வரைக்கும் நடந்தார்கள். பெரும்பாக்கம் பஸ் ஒரு பக்கம், அடையாறு வழியாக ராஜா அண்ணாமலைபுரம் போகிற பஸ் இன்னொரு பக்கம். சின்னப்பையன் நடுவில் நின்றார். சாயங்காலம் டூட்டி இருந்தது, அபார்ட்மென்ட் செக்ரட்டரி கஸ்தூரிரங்கனிடம் சொல்லிவிட்டு வரவில்லை. ஒரு போன் போட்டால் முடிகிற காரியம்தான். தங்களைக் கிளம்பச் சொல்லிவிடுவார் என்று தேவானை எதிர்பார்த்தாள். அவர் மகளைப் பார்த்தார்.

"தமிழு, நான் வூட்டுக்கு வரட்டுமா?"

இருபத்து மூன்று வருஷத்தில் அவர் மகளிடம் அனுமதி என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

"இரு நைனா, யோசிக்கிறேன்."

பெரும்பாக்கம் பஸ் வந்தது. உட்கார இடம் இருந்தது. தேவானை காலைத் தூக்கி வைத்தவள், மகள் நகராததைப் பார்த்துவிட்டு இறங்கினாள். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸும் காலியாகத்தான் வந்தது. தமிழ்மொழி டெர்மினஸில் நிற்கிற ஜனங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தேவானைக்கு வாய் துறுதுறுத்தது, காலி சீட்டை விடுவதென்றால் அவளுக்கு உயிர் போகும். இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டாள். வெயிலில் பஞ்சு காய்ந்து கையில் ஒட்டிக்கொண்டது. எவ்வளவு நேரம் ஆனாலும் நிற்கலாம் என்று இருந்தது சின்னப்பையனுக்கு.

மூன்றாவது பஸ் நெரிசலோடு வந்தது. தமிழ்மொழி முதலில் ஏறினாள். படியில் நின்று திரும்பி, கீழே நின்ற அப்பாவுக்குக் கையை நீட்டினாள்.

"ஏறு நைனா. சீட்டு இல்ல, பெரும்பாக்கம் வரிக்கும் நின்னுக்கினுதான் வரணும்."